மும்பை மாநகராட்சியும் பாலினக் கோரிக்கைகளும்

பிருஹன்மும்பை மாநகராட்சி மாமன்றத்தின் 227 இடங்களில் பாதி, 2012 தேர்தலில் முதன்முறையாகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் பெண்களின் கோரிக்கைகள் தாமாக நிறைவேறிவிடவில்லை.

நாட்டை உலுக்கிய டெல்லி கூட்டு வன்புணர்வுக்குச் சில மாதங்கள் கழித்து, 2013இல், உள்ளாடை அணிந்த கடைப் பொம்மைகளுக்குத் தடை கோரி காட்கோபர் உறுப்பினர் ரிது தாவ்டே தீர்மானம் கொண்டுவந்தார். மாமன்றமும் அதை ஏற்றது. தெருவிளக்கும் கழிப்பறையும் கேட்ட ஊரில் இது வினோதமான பதில்தான்.

செம்பூரைச் சேர்ந்த கோரோ அமைப்பும் தோழமை அமைப்புகளும் 2011இல் தொடங்கிய 'ரைட் டு பீ' (சிறுநீர் கழிக்கும் உரிமை) இயக்கம் கேட்டது எளிமையானது: பெண்களும் கட்டணமின்றிச் சிறுநீர் கழிக்க வேண்டும். கட்டணக் கழிப்பறைகளில் ஆண்கள் சிறுநீர் கழிக்கக் காசு இல்லை; பெண்களிடம் மட்டும் வசூல். பெண்கள் உள்ளே எதற்குப் போகிறார்கள் என்று தெரியாதே என்பது நடத்துநர்களின் வாதம். தாராவி போன்ற பொதுக் கழிப்பறையை நம்பிய குடியிருப்புகளில் இது அன்றாடச் செலவு. பெண்களுக்குப் பாதுகாப்பான கழிப்பறைகள் அமைக்குமாறு மாநகராட்சிகளுக்கு மும்பை உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் உத்தரவிட்டது.

பாலின அடையாளத்திலும் வழி திறந்தது நீதிமன்றமே. ஜல்காவ் மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சித் தேர்தலில் பெண்களுக்கான இடத்தில் ஒரு திருநங்கை போட்டியிடலாம் என மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது; அவர் வென்றார். தமிழ்நாட்டில் 2022இல் வேலூர் மாநகராட்சியின் 37ஆம் வார்டில் திருநங்கை கங்கா வென்றார்.

அதே 2022 மார்ச்சில் மும்பை மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த மூன்றாண்டுகளுக்கு மேல் ஆணையரே நிர்வாகியாக இருந்தார். அந்தக் காலத்தில் தாராவியில் முறையிடக் கவுன்சிலரே இருக்கவில்லை.