கான்ஸ்டன்டைன் என்னும் பெயர்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருக்குத் தம் பெயர் பிறர் நாவில் உருமாறி ஒலிப்பது புதிதன்று. அலுவலகப் பதிவேட்டில் ஒரு வடிவம். அண்டை வீட்டார் வாயில் மற்றொரு வடிவம். ஒலி மாறினும் பொருள் நிற்குமோ என்னும் வினா அப்பொழுது எழுகின்றது. இதனை ஆராய ஏற்றதொரு பெயர் இலத்தீன் மொழியில் தோன்றிய கான்ஸ்டன்டைன் என்பதாகும்.

இலத்தீனில் 'ஸ்டாரே' என்பது நிற்றலைக் குறிக்கும். வலியுறுத்தும் முன்னொட்டொன்று அதனோடு சேர, 'கான்ஸ்டன்ஸ்' என்னும் சொல் பிறந்தது. அசையாது நிற்பவன் என்பது அதன் பொருள். அதனின்று கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்டைன் முதலிய பெயர்கள் கிளைத்தன. வடமொழியின் 'ஸ்தா' என்னும் வினையடியும் இலத்தீனின் ஸ்டாரேயும் ஒரே மூலத்தின என்பது மொழிநூலார் முடிபு. ஆதலின் நாம் நாடோறும் கேட்கும் ஸ்தானம், ஸ்திரம் என்னும் சொற்கள் இப்பெயருக்கு உறவினவே. ராஜஸ்தான் என்னும் மாநிலப் பெயரின் ஈறும் அவ்வுறவுடையதாம்.

இப்பெயரை உலகறியச் செய்தவர் கி.பி. 306 முதல் 337 வரை ஆண்ட உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். அவர் தந்தையார் கான்ஸ்டன்டியஸ். அவருக்குப் பின் ஆண்ட மைந்தர் மூவரும் கான்ஸ்டன்டைன், கான்ஸ்டன்டியஸ், கான்ஸ்டன்ஸ் என்னும் பெயரினர். பைசாந்தியம் என்னும் பழைய நகரை விரிவாக்கி, 330இல் அவர் தலைநகராக்கினார். அது அவர் பெயரால் கான்ஸ்டான்டிநோபிள் ஆயிற்று. 1453இல் துருக்கியர் அதனைக் கைப்பற்றியபொழுது போரில் மாண்ட இறுதிப் பேரரசரின் பெயரும் கான்ஸ்டன்டைனே! அந்நகர் இன்று இஸ்தான்புல் என வழங்குகின்றது. நிலைபேற்றைக் குறிக்கும் பெயர் நகரில் நிலைபெறவில்லை.

மக்கட்பெயராக அது நிலைத்தது. உருசியாவில் கான்ஸ்டன்டின், கிரேக்கத்தில் கோஸ்தாஸ் எனப் பல வடிவங்கள் கொண்டது. அதன் இனமான கான்ஸ்டன்டியஸ் என்னும் பெயர் இத்தாலியில் கான்ஸ்டன்சோ ஆயிற்று.

இத்தாலிய வடிவமே தமிழகம் வந்தது. 1680இல் பிறந்த கான்ஸ்டன்சோ ஜோசப் பெஸ்கி பாதிரியார் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகம் போந்து, தைரியநாதர் என வழங்கப்பெற்றார். தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த அப்பெரியாரையே நாம் வீரமாமுனிவர் எனப் போற்றுகின்றோம்.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விடம் ஊன்றி நோக்கத்தக்கது. தைரியம் என்றால் இன்று தமிழில் அஞ்சாமை எனவே கொள்கின்றோம். வடமொழியிலோ அச்சொல் உறுதியையும் மனம் தளராமையையும் குறிக்கும். ஆகவே தைரியநாதர் என்பது இலத்தீன் பொருளைப் பிறழாது காட்டிய பெயர்ப்பு. வீரம் என்னும் சொல் வந்தபொழுது பொருள் ஒரு படி நகர்ந்தது. எனினும் மூலச்சொல்லின் ஓரொலியும் இல்லாத அப்பெயரில் அதன் சாயல் இன்னும் புலப்படுகின்றது.

நம் குழந்தைகளின் பெயர்களையும் அயல்மொழியார் தம் நாவுக்கேற்பவே ஒலிப்பர். அதுபற்றி வருந்துவதினும், அப்பெயரின் பொருளை முதற்கண் நம் குழந்தைகட்கும், கேட்பின் அண்டையார்க்கும் எடுத்துரைப்பது நலம். அதற்கு நாமே அதனை அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?