நியூயார்க் சுரங்க ரயில் கிராஃபிட்டி ஒளிப்படங்கள்

1970களின் இறுதியிலிருந்து 1980களின் நடுப்பகுதி வரை நியூயார்க் சுரங்க ரயில் பெட்டிகளில் இளைஞர்கள் ஸ்பிரே பெயின்ட்டால் தீட்டிய ஓவியங்களின் ஒளிப்படப் பதிவுகள். இவற்றை எடுத்தவர்களில் முதன்மையானவர்கள் மார்த்தா கூப்பர் (பி. 1943), ஹென்றி சால்ஃபன்ட் (பி. 1940).

எடுத்த முறை: ‘நியூயார்க் போஸ்ட்’ நாளிதழில் பணியாற்றிய கூப்பர், பிராங்க்ஸ் பகுதியில் ரயில் மேம்பாலத்தில் செல்லும் இடங்களில் காத்திருந்து, சுற்றியுள்ள கட்டடங்களும் தெரியும்படி ஓடும் ரயிலைப் படமெடுத்தார். 1980இல் கிராஃபிட்டி ஓவியர் டோண்டி வைட் இரவில் பணிமனையில் ஓவியம் தீட்டியபோது உடனிருந்து பதிவு செய்தார். சிற்பியான சால்ஃபன்ட், நடைமேடையில் நகர்ந்தபடி, எதிரே நின்ற ரயிலை அடுத்தடுத்துப் படமெடுப்பார். அச்சுப் பிரதிகளை வெட்டி ஒட்டியதும், முழுப் பெட்டியும் கோணல் இல்லாமல் ஒரே படமாகும்.

சிறப்பு: இருவரின் படங்களும் 1984இல் ‘சப்வே ஆர்ட்’ நூலாக வெளிவந்தன. ஐரோப்பா உள்ளிட்ட பல இடங்களில் இளம் ஓவியர்கள் அதைப் பார்த்தே இக்கலையைக் கற்றனர். நியூயார்க் போக்குவரத்து ஆணையம் ஓவியங்களை அழிக்கப் பெட்டிகளைத் தொடர்ந்து கழுவியது. ஓவியம் தீட்டிய கடைசி ரயிலை 1989 மே மாதம் சேவையிலிருந்து விலக்கியது. அழிக்கப்பட்ட அந்த ஓவியங்களின் வண்ணத்தையும் வடிவத்தையும் ஆராய்வோருக்கு இப்படங்களே முதன்மைச் சான்று.