டிராக்டரில் டிபரன்ஷியல் லாக் வந்த கதை

சேற்று வயலில் டிராக்டரின் ஒரு பின்சக்கரம் வீணாய்ச் சுற்ற, மற்றது அசையாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அப்படி?

மாட்டு வண்டியிலே இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுழலும். திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடினாலும் தொல்லையில்லை. எஞ்சின் வண்டியில் இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் திரும்புவது பெரும்பாடு. இதற்கு வழி செய்தவர்களில் ஒருவர் பெக்கேர் என்ற பிரெஞ்சுக் கடிகாரக்காரர். 1820-களின் கடைசியில், நீராவி வண்டிக்காக டிபரன்ஷியல் பல்சக்கரங்களை அமைத்தார். ரோட்டுக்கு அருமையான ஏற்பாடு, சேற்றுக்குத்தான் ஆகாது. வழுக்குகிற சக்கரத்துக்கு எவ்வளவு இழுவையோ, பிடிப்புள்ள சக்கரத்துக்கும் அவ்வளவேதான் கிடைக்கும்.

அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக் வந்தது. 1960-இல் வந்த போர்ட்சன் சூப்பர் மேஜர் டிராக்டரிலேயே அது இருந்தது. ஆனால் லாக் போட்டதுமே பெக்கேருக்கு முந்திய காலத்துக்குப் போய்விடுகிறோம், பாருங்கள்! ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் வண்டி நேரேதான் தள்ளும். வாய்க்கால் கரையில் என்ன ஆகும்?

சக்கரம் சுற்றும்போது லாக் பெடலை மிதித்தால் பல் முறியும். கிளட்சை மிதித்து, சக்கரம் நின்றபின் போடுங்கள். குறைந்த கியரில் நேராக வெளியே வாருங்கள். லாக் விட்டதா என்று பார்த்துத்தான் திருப்பணும். முன்பக்கம் தூக்கினால் உடனே கிளட்சை மிதியுங்கள். சக்கரத்தில் கட்டையைக் கட்டி முறுக்கவே வேண்டாம். சக்கரம் சுழலாவிட்டால் டிராக்டரே பின்னால் புரண்டு ஓட்டுபவர்மேல் விழும்.