வெள்ளிப் பளபளப்பும் கருங்கோடும்: உலோக நிறப் பிளாஸ்டிக் வார்ப்பில் குறையறிதல்

வெள்ளி நிற ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்த வாஷிங் மெஷின் பேனல் ஒன்றில், குமிழ் பொருத்தும் துளையின் ஒரு பக்கத்திலிருந்து மெல்லிய கருங்கோடு ஒன்று கிளம்பி ஓடுவதைக் காணலாம். இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கூடங்களில் இதை வெல்டு லைன் என்பார்கள். மற்ற நிறங்களுக்குச் செய்யும் வைத்தியத்தையே இதற்கும் செய்வார்கள்: பேரல் சூட்டைக் கூட்டுவது, அச்சின் சூட்டைக் கூட்டுவது, செலுத்தும் வேகத்தைக் கூட்டுவது. கோடு சற்று மங்கும், ஆனால் போகாது. அது போகாததற்கு ஆபரேட்டரின் திறமைக் குறைவு காரணமன்று. உலோக நிறத்துக்குப் பளபளப்பைத் தரும் பண்பே அந்தக் கோட்டையும் உண்டாக்குகிறது. ஆகவே அதற்கான முடிவை அச்சை வெட்டுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உலோக நிறத்தைத் தருவது பெரும்பாலும் அலுமினியச் செதில்கள். அகலத்தோடு ஒப்பிட அவற்றின் தடிமன் மிகச் சிறியது. பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும்போது அவை ஒளியைக் கண்ணாடிபோல் திருப்பியனுப்புகின்றன. நிமிர்ந்து நின்றால் விளிம்பு மட்டுமே தெரிவதால் அவ்விடம் கருக்கிறது. பிசுபிசுப்பான திரவம் அடுக்கடுக்காக நழுவி ஓடும்போது அதிலுள்ள நீள்கோளத் துகள்கள் எப்படிச் சுழலும் என்பதை 1922இல் கணிதவியலாளர் ஜெஃப்ரி கணக்கிட்டுக் காட்டினார். தட்டையான துகள் தன் காலத்தில் பெரும்பகுதியை ஓட்டத்துக்கு இணையாகவே கழிக்கிறது என்பது அக்கணக்கிலிருந்து கிடைக்கும் முடிவு. அச்சுச் சுவரை ஒட்டிய இடங்களில் செதில்கள் படுத்தே உறைவது இதனால்தான். உருகிய பிளாஸ்டிக்கின் முன்முனையில் நடப்பது வேறு. அங்கே நடுவிலிருந்து வரும் பொருள் ஊற்றுநீர்போலப் பிரிந்து இரு சுவர்களையும் நோக்கி விரிகிறது. முன்முனையின் மேற்பரப்பில் உள்ள செதில்கள் அந்தப் பரப்போடு ஒட்டியே கிடக்கின்றன. துளையைச் சுற்றி வந்த இரண்டு முன்முனைகள் மோதும்போது அந்தப் பரப்பு சுவருக்குச் செங்குத்தாகிவிடுகிறது. செதில்களும் அப்படியே நிமிர்ந்து உறைகின்றன.

ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும் இங்கே இரண்டு குறைகள் உள்ளன. ஒன்று, முன்முனைகள் சரியாக இணையாததால் பரப்பில் விழும் நுண்ணிய பள்ளம். மற்றொன்று, செதில்கள் திரும்பியதால் வரும் நிழல். பாகத்தை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், நிழற்கோடு ஒரு கோணத்தில் கருத்தும் இன்னொரு கோணத்தில் வெளுத்தும் தோன்றும். ஆழமான பள்ளமென்றால் நகம் தட்டும். இன்னும் உறுதியான சோதனை, நிறமி அடங்கிய மாஸ்டர்பேட்சைச் சேர்க்காமல் அதே செட்டிங்கில் சில பாகங்களை வார்த்துப் பார்ப்பது. அப்போதும் தெரியும் கோடு பள்ளத்தினுடையது. மறைந்த கோடு செதில்களினுடையது. பொருள் அச்சுக்குள் நுழையும் வாயிலான கேட்டிலிருந்து விசிறிபோல் விரியும் வெள்ளிக் கீற்றுகளை இவற்றோடு குழப்பக் கூடாது. அவை குருணையின் ஈரத்தாலோ, சிக்கிய காற்றாலோ, அதிகச் சூட்டில் பொருள் சிதைவதாலோ, நிறமியின் ஊடுபொருள் ஆவியாவதாலோ வருபவை. ஷாட்டுக்கு ஷாட் வடிவம் மாறும். ஏபிஎஸ்ஸை 80 டிகிரி செல்சியஸ் அளவில் 2 முதல் 4 மணி நேரம் உலர்த்தினால் ஈரக்கீற்று நின்றுபோகும், வெல்டு லைன் போகாது. உலோக நிறத்தில் வெள்ளிக் கீற்று எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் இந்தப் பாகுபாடு இன்னும் அவசியமாகிறது.

சூட்டையும் வேகத்தையும் கூட்டினால் கோடு மங்குவதைக் கண்ணால் பார்க்கிறோமே என்று அனுபவசாலிகள் மறுக்கலாம். அது உண்மையே, ஆனால் மங்குவது பெரிதும் பள்ளத்தின் பங்குதான். அச்சின் பரப்பை ஏபிஎஸ்ஸின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பமான சுமார் 105 டிகிரிக்கு மேல் சூடேற்றி, நிரப்பியபின் விரைந்து குளிர்விக்கும் முறையில் பளபளக்கும் கறுப்புப் பாகங்களின் கோடு ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. உலோக நிறத்தில் அதே முறை பள்ளத்தை நிரப்பினாலும் நிமிர்ந்த செதிலைப் படுக்க வைப்பதில்லை. நன்றாகக் கலக்கட்டும் என்று பேக் பிரஷரை ஏற்றுவதோ கேடாகவும் முடியும்: ஸ்க்ரூவில் செதில்கள் வளைந்தும் உடைந்தும் பொலிவு குறைகிறது. நிறமியை மாற்றலாம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. தடித்த, தட்டைத்தன்மை குறைந்த துகள்களும், உடன் சேர்க்கும் ஒளிபுகா நிறமிகளும் கோட்டை நிச்சயம் மழுக்கும். ஆனால் துகள் எந்த அளவுக்குத் திசையுணர்வை இழக்கிறதோ அந்த அளவுக்கு, கோணத்துக்குக் கோணம் மாறும் உலோக ஒளியும் போய்விடும். பொருளை வாங்குபவர் காசு கொடுப்பதே அந்த ஒளிக்குத்தான். பெயின்ட் அடிப்பது கோட்டை மறைக்கும். அதோடு ஒரு வேலைப்படியும் செலவும் கூடும், கழிவை அரைத்து மீண்டும் பயன்படுத்துவதும் சிக்கலாகும்.

ஆக, முன்முனைகள் எங்கே சந்திக்கும், சந்திக்கத்தான் வேண்டுமா என்பதே முதற்கேள்வி. சிறிய துளையை வார்த்தபின் வெட்டி எடுக்கலாம். கேட்டை இடம் மாற்றி, கோட்டை லேபிளுக்கு அடியிலோ மடிப்பு விளிம்பிலோ விழச் செய்யலாம். நீண்ட பாகத்தில் பல கேட்டுகள் தேவைப்பட்டால், ஓட்டம் கடந்துபோன பின்னரே அடுத்த வால்வு கேட்டைத் திறக்கலாம். சட்டென்று திறந்தால் அழுத்தம் குதித்து அங்கே ஒரு வளையம் பதியும், ஆதலால் படிப்படியாகத் திறப்பது நல்லது. நிரப்புச் சிமுலேஷனைப் படிக்கும்போது, 135 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் சந்திக்கும் ஓட்டங்களைச் சாதாரண நிறத்தில் பொருட்படுத்தாமல் விடும் பழக்கத்தை உலோக நிறத்துக்குக் கொண்டுவரலாகாது. அங்கும் செதில்கள் திசைமாறி நிழல் தரக்கூடும். ஒப்புதல் மாதிரியையும் ஒரே கோணத்தில் பார்த்து முடிவுசெய்வது தவறு. 15, 45, 110 டிகிரி போன்ற பல கோணங்களில் நிறத்தை அளக்கும் கருவிகள் உள்ளன. எந்தக் கோணங்களில், எந்த ஒளியில், எவ்வளவு வேறுபாடு ஏற்கப்படும் என்பது கோட்டின் இடத்தோடு சேர்த்துப் பாகத்தின் வரைபடத்திலேயே எழுதப்பட வேண்டும். வாங்குபவரும் அச்சு செய்பவரும் வார்ப்பவரும் அதில் கையெழுத்திட்ட பிறகே எஃகை வெட்டத் தொடங்க வேண்டும்.