நோயாளர் அவதானிப்பின் வரலாறு: கருத்திலிருந்து சான்றுக்கு

தாதியர் கல்வியின் அரிச்சுவடியாக இன்று கற்பிக்கப்படுவது நோயாளர் மதிப்பீடாகும். உடல் வெப்பநிலை, நாடித்துடிப்பு, சுவாச வீதம், குருதியமுக்கம், உணர்வுநிலை ஆகியவற்றை உரிய வேளைகளில் அறிந்து குறித்தல் அதன் முதற்பாடம். எளிய வழக்கமாகத் தோன்றும் இப்பாடம் நெடுங்கால முயற்சியொன்றின் விளைவு. நோயாளியைப் பற்றிய உண்மையை எவ்வாறு பெறுவது என்ற வினாவே அம்முயற்சியின் அடிப்படை. சான்றுகளைக் கொண்டு உண்மை காண முயலும் வரலாற்று மாணவர்க்கு இவ்வினா அந்நியமானதன்று.

1854ஆம் ஆண்டு நவம்பரில் புளோரன்ஸ் நைற்றிங்கேல் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். கிரைமியப் போரிலே காயங்களினால் இறந்த பிரித்தானியப் படைவீரரினும் நோய்களினால் இறந்தோரே மிகப் பலர். இவ்வனுபவத்தின் பின் 1859இல் அவர் எழுதிய தாதிமை பற்றிய நூலிலே, நோயாளரை அவதானித்தலுக்கெனத் தனி அத்தியாயம் ஒன்றுண்டு. இரவு நன்றாகக் கழிந்ததா என்று வினவும் வழக்கத்தை அவர் அதிற் கண்டித்தார். பத்து மணிநேரம் இடையறாது உறங்கவில்லையெனில் ஒருவன் அதனைத் தீய இரவென்பான். விட்டுவிட்டுத் துயின்ற மற்றொருவன் அவ்வாறு கருதான். இருவர் விடையும் கருத்தேயன்றிச் சான்றாகாது. எத்தனை மணிநேரம், எவ்வேளைகளில் உறங்கினான் என்பதே பயனுள்ள வினா. 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் மூலம் தாதிமை பயின்று பெறவேண்டிய தொழிலாக வளர்ந்தது.

இதற்கிடையே கருவிகளும் வளர்ந்தன. நாடியை எண்ணுவதற்கென ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தை ஆங்கில வைத்தியர் ஜோன் புளோயர் 1707இலேயே விளக்கியிருந்தார். லைப்சிக் நகரின் வுண்டர்லிச் ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல் வெப்பநிலையை ஆராய்ந்து 1868இல் நூல் வெளியிட்டார். முன்னர் ஓரடி நீளமாய், அளவு காட்ட இருபது நிமிடம் வரை எடுத்த வெப்பமானி, 1860களின் பிற்பகுதியில் கிளிபேர்ட் ஓல்பட்டின் முயற்சியால் ஆறங்குலமாகக் குறுகியது. ஐந்து நிமிடமே அதற்குப் போதுமாயிற்று. அளத்தல் எளிதாக, அப்பணி காலப்போக்கில் வைத்தியரிடமிருந்து தாதியர் கைக்கு வந்தது.

ஆயினும் கருவியால் அளக்கவியலாதனவும் உள. தலையிற் காயமுற்றவனின் உணர்வுநிலை அத்தகையது. அரைமயக்கம், ஆழ்மயக்கம் போன்ற சொற்களை ஒவ்வொருவரும் வெவ்வேறு பொருளிற் கையாண்டதால், ஒருவர் குறித்ததை மற்றவர் நம்பித் தொடர இயலவில்லை. 1974இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ரீஸ்டேல், ஜெனற் ஆகிய இருவரும் கண் திறத்தல், பேச்சு, அங்க அசைவு என்னும் மூன்றையும் படிநிலைகளாக வகுத்தனர். எவ்வாறுளன் என்பதை விடுத்து, எத்தூண்டலுக்குக் கண் திறக்கிறான், என்ன பேசுகிறான் என்று நோக்கும் இம்முறையில் நைற்றிங்கேலின் பாடமே மீண்டும் ஒலிக்கக் காணலாம்.

எண்கள் பெருகிய இக்காலத்தில் இப்பாடத்தின் தேவை குறைந்துவிடவில்லை. நோய் முற்றுவதை முன்கூட்டி உணர்த்தும் குறிகளுள் சுவாச வீதம் முதன்மையானது. மார்பின் ஏற்ற இறக்கத்தை ஒரு நிமிடம் பொறுமையுடன் எண்ணுவதே அதற்குப் போதும். எனினும் பலவேளைகளில் எண்ணாது விடப்படுவதும், ஊகித்து எழுதப்படுவதும் அதுவே. ஊகித்து எழுதிய எண் வெறுங் கருத்தினுங் கேடானது. ஏனெனில் அது சான்றின் வேடம் பூண்டு வருகிறது. போலிச் சாசனம் ஒன்றை நம்பிய வரலாற்றாசிரியன் தன் முடிவைப் பின்னொருநாள் திருத்திக்கொள்ளலாம். போலி எண்ணை நம்பிய வைத்தியருக்கு அவ்வாய்ப்புக் கிட்டாது போகலாம். அதற்குள் ஓர் உயிர் நீங்கியிருக்கும்.