சென்னை-17: ஏரிக்கரை ஒன்றின் அஞ்சல் வரலாறு

மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி நடைமேம்பாலத்தின் கிழக்குப் படியில் இறங்கினால் ரங்கநாதன் தெரு. மேற்குப் படியில் இறங்கினால் மேற்கு மாம்பலம். இரண்டுக்கும் நடுவே தண்டவாளம் மட்டுமே. ஆனால் கிழக்கே குடியிருப்பவருக்கு வரும் கடிதத்தில் 600 017 என்றிருக்கும். மேற்கே இருப்பவருக்கு 600 033. சில நிமிட நடைத் தொலைவில் பதினாறு எண்கள் தாண்டிவிடுகின்றன. ஒரே ஊரை அஞ்சல் துறை இப்படி இரண்டாகப் பகுத்தது எப்போது, எந்த முறையில் என்று பார்ப்பது இக்கட்டுரையின் வேலை. அதற்கு அந்த எண்களே சாட்சி சொல்லும் என்பது என் துணிபு.

முதலில் நிலம். இன்றைய தியாகராய நகர் இருக்குமிடத்தில் நூறாண்டுக்கு முன் ஏரி இருந்தது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி சைதாப்பேட்டைப் பக்கம் வரை வில்போல் வளைந்து கிடந்த நெடிய நீர்நிலை அது. அதன் மேற்கே மாம்பலம் என்ற கிராமம். தென்னிந்திய ரயில்வே இங்கே 1911இல் நிலையம் திறந்தபோது ஊருக்கு இருந்த பெயரையே நிலையத்துக்கும் வைத்தது. அப்போது ‘நகர்’ எதுவும் இல்லை.

1920இல் சென்னை மாகாணத்தில் நகரமைப்புச் சட்டம் வந்தது. இடநெருக்கடியில் திணறிய நகரத்துக்குப் புதிய குடியிருப்பு தேவைப்பட்டது; ஏரியை வற்றவைத்து மனை பிரிக்கும் வேலை அந்தப் பத்தாண்டில் தொடங்கியது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலம். புதிய நகருக்கு 1925இல் மறைந்த சர் பிட்டி தியாகராயரின் பெயர். நடுவில் அமைந்த பூங்காவுக்கு முதலமைச்சராக இருந்த பனகல் அரசரின் பெயர். பெரிய சாலைக்கு உஸ்மான், இன்னொரு பூங்காவுக்கு நடேசன், கடைத்தெருவுக்குச் சௌந்தரபாண்டியன். அந்தக் கடைத்தெருதான் பேச்சு வழக்கில் பாண்டி பஜார் ஆனது. ஒரு கட்சியின் தலைமுறையே தெருப்பெயர்ப் பலகைகளில் குடியேறிவிட்டது. கிராமத்தின் பழம்பெயர் தண்டவாளத்துக்கு மேற்கே ஒதுங்கியது.

இனி அஞ்சல். சென்னையில் பொது அஞ்சல் அலுவலகம் 1786 ஜூன் 1ஆம் நாள், ஆளுநர் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல் காலத்தில் தொடங்கியது. அதன் இன்றைய சிவப்புக் கட்டடம் 1884இல் திறக்கப்பட்டது. 1854 அக்டோபரில் நாடு முழுமைக்கும் ஒரே கட்டணமாக அரையணா தபால்தலை வந்தது, 1877இல் வி.பி.பி. (பெறுபவர் பணம் கொடுத்து வாங்கும் தபால்), 1879இல் கால் அணா அஞ்சல் அட்டை, 1880இல் மணியார்டர், 1882இல் சேமிப்பு வங்கி. இவை எல்லாம் நடந்து முடிந்தபோதும் தியாகராய நகர் தண்ணீருக்கடியில்தான் இருந்தது. மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் தபாலோடு சேர்ந்து வளர்ந்தவை. தியாகராய நகரோ, தபால் முதிர்ந்த பிறகு பிறந்த பிள்ளை.

பின்கோடு வருவதற்கு முன்பே சென்னையின் பட்டுவாடா அலுவலகங்களுக்குத் தனித்தனி எண்கள் இருந்தன. ‘சென்னை-4’ என்றால் மயிலாப்பூர், ‘சென்னை-5’ என்றால் திருவல்லிக்கேணி. தியாகராய நகருக்கு 17. ஏன் 17? பெரும்பாலோர் இது ஏதோ தூரக் கணக்கு அல்லது திசைக் கணக்கு என்று நினைக்கிறார்கள். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் அது பொருந்தாது. 13 வடக்கே ராயபுரம், 14 உடனே தெற்கே தாவி ராயப்பேட்டை, 18 தேனாம்பேட்டை, 19 மீண்டும் வடகோடியில் திருவொற்றியூர். திசைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பட்டியலை வரிசையாக எழுதினால் வேறொன்று தெரிகிறது. 8 எழும்பூர், 9 செயின்ட் ஜார்ஜ் கோட்டை, 10 கீழ்ப்பாக்கம், 11 பெரம்பூர், 12 பெரம்பூர் பாரக்ஸ், 13 ராயபுரம், 14 ராயப்பேட்டை, 15 சைதாப்பேட்டை, 16 பரங்கிமலை, 17 தியாகராய நகர், 18 தேனாம்பேட்டை, 19 திருவொற்றியூர். இவற்றை ஆங்கிலத்தில் எழுதி முதலெழுத்தை மட்டும் பாருங்கள் (எழும்பூர் எக்மோர் ஆகும், பரங்கிமலை செயின்ட் தாமஸ் மவுன்ட் ஆகும்): ஈ, எஃப், கே, பி, பி, ஆர், ஆர், எஸ், எஸ், டி, டி, டி. அகரவரிசை! ஒரே எழுத்துக்குள் ஒழுங்கு கறாராக இல்லை. ஆனால் பன்னிரண்டு பெயர்கள் தற்செயலாக இப்படி அணிவகுக்க வாய்ப்பில்லை. பழைய பெரிய அலுவலகங்களுக்கு முன்வரிசை எண்களைக் கொடுத்துவிட்டு, மீதியை அகரவரிசையில் எண்ணிக்கொண்டே போயிருக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். எண் கொடுத்த நாளில் இந்த அலுவலகம் ‘மாம்பலம்’ என்ற பெயரில் பதிவாகியிருந்தால், எம் என்ற எழுத்துக்குரிய இடம் கீழ்ப்பாக்கத்துக்கும் பெரம்பூருக்கும் நடுவில். அதாவது 11. அது 17 ஆனது டி என்ற எழுத்தால், தியாகராயர் பெயரால். நேற்று முளைத்த நகரின் பெயர் அஞ்சல் ஏட்டில் அதற்குள் நிலைபெற்றுவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ரயில்வே பழைய பெயரை வைத்துக்கொண்டது. அஞ்சல் துறை புதிய பெயரை எடுத்துக்கொண்டது.

இருபதாம் எண்ணிலிருந்து அந்த வரிசை கலைகிறது. 20 அடையாறு, 22 ராஜ் பவன், 25 கிண்டிப் பொறியியல் கல்லூரி, 35 நந்தனம், 1959இல் தொடங்கிய ஐ.ஐ.டி.க்கு 36, 1955இல் உற்பத்தி தொடங்கிய ரயில்பெட்டித் தொழிற்சாலைக்கு 38. நகரம் பெருகப் பெருகத் தேவைக்கேற்ப ஒட்டிய எண்கள் இவை. மேற்கு மாம்பலத்தின் 33 இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது. மூத்த கிராமம் பிந்திய எண்ணையும், இளைய நகர் முந்திய எண்ணையும் பெற்ற கதை இது. அந்தக் கிராமத்துக்காரர்கள் இதைக் குறையாக எண்ணியிருந்தால் அதில் நியாயம் உண்டு.

எண் வெறும் அடையாளமல்ல, உழைப்பை மிச்சப்படுத்தும் கருவி. சார்ட்டிங் அறையில் சிறுசிறு அறைகளாகத் தடுத்த மரச்சட்டத்தின் முன் நிற்கும் ஊழியர் முகவரி முழுவதையும் படிப்பதில்லை. கண் நேராகக் கடைசி எண்ணுக்குப் போகும்; கை அந்த அறைக்குப் போகும். தியாகராய நகர் கட்டை அவிழ்த்த பிறகுதான் தெருப்பெயருக்கு வேலை. தபால்காரர் தன் பீட்டுக்குரிய கடிதங்களைத் தெருவாரியாகப் பிரித்து, பிறகு தான் நடக்கும் ஒழுங்கில், வீட்டுக்கு வீடு அடுக்கிக்கொள்வார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பின்னொட்டுகள் நீக்கப்பட்டன. பின்னாளில் மாநகராட்சி வீடுகளுக்குப் புதிய எண் கொடுத்து, ‘பழைய எண், புதிய எண்’ என்று இரண்டையும் எழுதும் வழக்கம் வந்தது. பலகைகள் மாறியபோதெல்லாம் கடிதம் வழிதவறாமல் வந்ததற்குக் காரணம் அந்தத் தபால்காரரின் நினைவும் மாறாத 17ம்தான்.

1972 ஆகஸ்ட் 15இல் பின்கோடு அறிமுகமானது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர், சமஸ்கிருதப் புலவரும்கூட. முதல் இலக்கம் மண்டலம். தமிழ்நாடும் கேரளமும் 6. முதல் மூன்று இலக்கங்கள் பிரிப்பு மாவட்டம். கடைசி மூன்று பட்டுவாடா அலுவலகம். சென்னைக்கு 600 என்று வைத்தபின் பழைய எண்களை அப்படியே பின்னால் சேர்த்தார்கள்: 17 என்பது 017 ஆனது. அதனால்தான் பழைய அகரவரிசை இன்றும் நம் முகவரிக்குள் உயிரோடு இருக்கிறது.

இந்த எண்ணைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனவர்களில் முதன்மையானவர்கள் பதிப்பாளர்கள். தீனதயாளு தெருவில் வானதி பதிப்பகம், தணிகாசலம் சாலையில் மணிமேகலைப் பிரசுரம், கண்ணதாசன் பதிப்பகம் என்று புத்தகத் தொழிலின் ஒரு பெரும் பகுதி இங்கே குவிந்தது. பழைய பதிப்பொன்றைத் திறந்தால், தலைப்புப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘தியாகராய நகர், சென்னை-17’. ஆங்கிலத்தில் ‘மெட்ராஸ்-17’ என்று எழுதியவர்களும் தமிழில் சென்னை என்றே எழுதினார்கள். 1996இல் நடந்த அதிகாரபூர்வப் பெயர்மாற்றம் இந்தப் பக்கங்களைத் தொடவேயில்லை. புத்தகக்கடை இல்லாத ஊர் வாசகர் ஓர் அஞ்சல் அட்டை போட்டால் போதும். புத்தகம் வி.பி.பி.யில் போகும்; அங்குள்ள தபால்காரர் பணத்தை வாங்கிக்கொண்டு கட்டைக் கொடுப்பார்; பணம் பதிப்பகத்துக்குத் திரும்பி வரும். தமிழ் வாசிப்பின் வரலாற்றை எழுதுபவர்கள் அச்சகத்தைப் பேசும் அளவுக்கு இந்த வி.பி.பி. முகப்பைப் பேசுவதில்லை. அது பெரிய விடுபடல்.

1936இல் தியாகராய நகருக்கு வந்த தட்சிண பாரத இந்திப் பிரசார சபாவும் இந்த எண்ணை இப்படித்தான் வெளியூர்களுக்குக் கொண்டுபோனது. தென்மாநிலங்கள் முழுவதும் தேர்வு நடத்தும் நிறுவனம் அது. ஏரிமண்ணின் மேல் எழுந்த நகரில், சபாவின் பெயரிலேயே ஒரு துணை அஞ்சலகம், அதே 17இன் கீழ்.

இன்று தியாகராய நகரில் இருப்பது தலைமை அஞ்சலகம். துணை அலுவலகங்களின் கணக்கு இங்கே வந்து சேரும். தந்தி 2013 ஜூலையில் நின்றது. பழைய முறை மணியார்டர் 2015இல் முடிந்தது. 2025இல் ரிஜிஸ்டர் தபால் ஸ்பீடு போஸ்டோடு சேர்க்கப்பட்டது. அதே ஆண்டு அஞ்சல் துறை டிஜிபின் என்ற புதிய முறையை வெளியிட்டது: ஏறக்குறைய நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டம் ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தெண்கள் கொண்ட குறியீடு, பூமியின் நெட்டாங்கு அகலாங்கிலிருந்து கணக்கிடப்படுவது. ரங்கநாதன் தெருவின் ஒரு கடைக்குள்ளேயே பல குறியீடுகள் விழும். அந்தக் கட்டங்களுக்குத் தண்டவாளம் எல்லையல்ல. மேற்கு மாம்பலமும் தியாகராய நகரும் அதில் அடுத்தடுத்த கட்டங்கள்.