வெள்ளியால் நிறுக்கப்பட்ட மின்னேற்றம்

புலனாகாத ஒன்றை அளத்தற்குப் புலனாகும் பொருளைத் துணைக்கொள்ளுதல் விஞ்ஞான வரலாற்றிற் பலகாலும் காணப்படும் முறையாகும். மின்பகுப்பின் வாயிலாக மின்னேற்றத்தை அளந்த வோல்ற்றாமானி அதற்குத் தக்க சான்று எனலாம்.

கரைசலினூடே செல்லும் மின்னேற்றத்திற்கும் மின்வாயில் வெளிப்படும் பொருளின் திணிவிற்கும் நேர்விகிதத் தொடர்பு உண்டென மைக்கேல் பரடே நிறுவினார். நீரைப் பகுத்து, வெளிப்படும் வாயுவின் கனவளவினால் மின்னேற்றத்தைக் கணிக்கும் கருவியை அவர் 1834 இல் விவரித்தார். பின்னர் வெள்ளி வோல்ற்றாமானி முதன்மை பெற்றது. பிளாற்றினக் கிண்ணத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை இட்டு மின்னைச் செலுத்திக் கிண்ணத்திற் படிந்த வெள்ளியை நிறுத்தனர். ஒரு கூலோம் மின்னேற்றம் ஏறத்தாழ 1.118 மில்லிகிராம் வெள்ளியைப் படியவிடும்.

இம்முறை ஆய்வுகூடத்தோடு நின்றுவிடவில்லை. 1882 இல் நியூயோர்க்கில் மின்விநியோகத்தைத் தொடங்கிய எடிசன், நாகத் தகடுகள் அமைந்த சாடிகளையே மானிகளாகப் பயன்படுத்தினார். ஊழியர் தகடுகளை எடுத்துச் சென்று நிறுத்துக் கட்டணம் விதித்தனர். ஆயின், பயனாளர் தம் கணக்கைத் தாமே வாசித்தறிய இயலவில்லை. ஆடலோட்டத்தை அம்மானி அளக்கவும் இல்லை. எனவே அது வழக்கொழிந்தது.

அளவியலிலோ வெள்ளியின் ஆட்சி நீடித்தது. 1893 இல் சிக்காகோவிற் கூடிய மாநாடு அம்பியரை வெள்ளிப் படிவினால் வரையறுத்தது. 1908 இல் இலண்டன் மாநாடு, செக்கனுக்கு 0.00111800 கிராம் என அதனை உறுதிசெய்தது. எனினும், அனோட்டைச் சுற்றிய வடிதாளே கரைசலை மாசுபடுத்திப் படிவின் எடையை மிகுவித்தமை பின்னர் தெளிவாயிற்று. நியமம் எனக் கொள்ளப்பட்ட கருவியும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று.

பெயரும் இடர் விளைத்தது. வோல்ற்றளவை அளக்கும் வோல்ற்றுமானியோடு வோல்ற்றாமானி மயங்கியமையால், கூலோமை அளப்பது ‘கூலோமானி’ எனப்படுதலே தகும் என்று அமெரிக்க இரசாயன அறிஞர் றிச்சட்ஸ் 1902 இல் வற்புறுத்தினார். ஓரெழுத்து வேறுபாடு கருத்தையே திரிக்கும் என்பதைத் தமிழிற் கலைச்சொல் ஆக்கியோரும் உணர்ந்திருந்தனர். அவருள் ஒருவர், பாசிக்குடாவையும் அதற்குத் தெற்கேயுள்ள காரைதீவையும் உள்ளடக்கியிருந்த அக்கால மட்டக்களப்பு மாவட்டம் ஈன்ற சுவாமி விபுலானந்தர். இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியும் தமிழ்ப் பண்டிதருமான அவர், 1936 இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். பொருளறிவும் மொழியறிவும் ஒருவரிடத்தே கூடுதல் அப்பணிக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1947 இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டு வெள்ளி வரைவிலக்கணமும் கைவிடப்பட்டது. 2019 முதல் இலத்திரன் ஒன்றின் ஏற்றத்திற்கு நிலையான பெறுமானம் விதிக்கப்பட்டு, கூலோம் அதன்வழி வரையறுக்கப்படுகிறது. அலகுகள் இவ்வாறு திருத்தப்படுந்தோறும் அவற்றைச் சுட்டும் தமிழ்ச் சொற்களையும் செம்மை நோக்கி ஆராய்தல், அக்கலைச்சொல் மரபின் வழிவந்தோர் கடனாகும்.